அந்த எத்தனால் எங்கிருந்து வந்தது?

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் எத்தனாலாக மாற்றும் புது வினையூக்கி, ஃபாரடே திறன் (செலுத்திய எலக்ட்ரான்களில் வேண்டிய பொருளுக்குப் போன பங்கு) 90 சதவீதம் என்று ஒரு ஆய்வு மாணவர் வரைபடங்களோடு வந்தார். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் ஓட்டி வெற்றுச் சோதனை செய்தாயா என்று கேட்டேன். இல்லையாம். மறுநாள் செய்ததில், கார்பன் டை ஆக்சைடே இல்லாத கலத்திலும் அதே எத்தனால் வந்து நின்றது. வினையூக்கித் தூளை மின்வாயில் பூசுவதற்குக் கலக்கியதே எத்தனாலில்தான், சரியாக உலர்த்தவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1 சதுர செ.மீ. மின்வாயில் 2 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும் என்பதால், அத்தனை மின்னோட்டமும் அதற்கே போனாலும் 0.3 மில்லிகிராம்கூடத் தேறாது. 0.01 மில்லி எத்தனால் ஒட்டிக்கொண்டிருந்தாலே அது 8 மில்லிகிராம்!

அடுத்து, எனக்கு அலுத்தே போன விஷயம். ஃபாரடே திறன் அதிகம் என்றால் நல்ல வினையூக்கி என்று யார் சொல்லிக்கொடுத்தது? போன எலக்ட்ரான்களில் எத்தனை பங்கு நமக்கு வேண்டிய பொருளுக்குப் போனது என்பதை மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு வேகமாக என்று சொல்லாது, அதற்கு மின்னோட்ட அடர்த்தியை, அதாவது ஒரு சதுர செ.மீ. மின்வாயில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு மின்சாரம் செலவானது என்றும் சொல்லாது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து எத்திலீன் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள்: கோட்பாட்டின்படி 1.15 வோல்ட் போதும், உங்கள் கலம் 3.5 வோல்ட்டில் ஓடுகிறது, ஃபாரடே திறன் 60 சதவீதம் என்றால் ஆற்றல் திறன் வெறும் 20 சதவீதம்தான். மின்னழுத்தத்தை எழுதாமல் ஃபாரடே திறனை மட்டும் தலைப்பில் போடாதீர்கள், தயவுசெய்து.

வேண்டிய பொருளைப் பெற வினையூக்கி உலோகத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி என்ற நினைப்பும் வேண்டாம். நைலானுக்கான அடிப்போநைட்ரைலை அக்ரிலோநைட்ரைலிலிருந்து மின்வேதி முறையில் செய்யும் வழியை 1960களில் மான்சாண்டோவில் மானுவல் பெய்சர் உருவாக்கினார். அதைச் சாத்தியமாக்கியது கரைசலில் சேர்த்த நான்கிணைய அம்மோனியம் உப்பு. அது மின்வாயருகே தண்ணீரை ஒதுக்கி வைக்கவில்லை என்றால் புரோப்பியோநைட்ரைல் என்ற வேண்டாத பொருள்தான் கூடுதலாக வரும்.

ஒடுக்க வினையை (எலக்ட்ரானை ஏற்கும் வினை) சோதிக்கும்போது எதிர்ப்பக்கம் பிளாட்டினக் கம்பி வைக்காதீர்கள். அது கரைந்து வந்து ஒடுக்கம் நடக்கும் மின்வாயான உங்கள் கேத்தோடில் படியும், அப்புறம் ஹைட்ரஜன்தான் பொங்கும், நீங்கள் வினையூக்கி கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். புதுப் பொருள் கிடைத்தது என்று சொல்வதற்கு முன் கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடு வாயுவில் ஒருமுறை ஓட்டுங்கள், பொருளிலும் கார்பன்-13 இருந்தால்தான் அது அந்த வாயுவிலிருந்து வந்தது. விலை அதிகம்தான், தெரியும், ஒரே ஒரு முறை போதும். ஒரு மணி நேர அளவீட்டை வைத்து 'நிலையானது' என்று எழுதவே கூடாது, தொழிற்சாலைக்காரர் ஆயிரக்கணக்கான மணி நேரத்தைக் கேட்பார்.

அந்த மாணவர் மின்வாயை இரவு முழுக்க வெற்றிட அடுப்பில் உலர்த்தித் திரும்பச் செய்தார். எத்தனால் வரவில்லை. ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் அயனி) கொஞ்சம் வந்தது, ஆர்கானில் அது வரவில்லை. இப்போது அதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறோம்.