பென்ட்ரிக்குள் தங்கிவிடும் வெப்பம்

ஹட்டனில் சித்தி வீட்டுப் பென்ட்ரியின் அலுமாரிக்குள் பொருத்தியிருந்த ஒவனை வெளியே இழுத்தபோது, அதற்குப் பின்னால் இருந்த வெள்ளை மெலமைன் பலகையின் மேற்பாதி பிளேன்டீயின் நிறத்துக்கு மாறியிருந்தது. விரலால் தட்டியதும் பூச்சு பொருக்காக உதிர்ந்தது. ஒவனில் ஒரு கோளாறும் இல்லை. அலுமாரியை அடித்த தச்சு பாஸ் காற்றுக்கு வழி விடாமல் முதுகுப் பலகையை இறுக அடைத்திருந்தார், அவ்வளவுதான்.

உள்ளே 250 பாகை செல்சியஸ் வரை சூடேறும் ஒவனைச் சுற்றி வெப்பக்காப்புப் பஞ்சு இருக்கிறது. அப்பஞ்சு வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றாகத் தடுக்காது. கசிந்து வரும் அந்த வெப்பத்தை அகற்றுவதற்காகவே ஒவனின் மேற்பகுதியில் ஒரு சிறிய விசிறி உண்டு. அலுமாரிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து, கதவுக்கு மேலுள்ள இடுக்கின் வழியாகச் சமையலறைக்குள் தள்ளுவது அதன் வேலை. கீழிருந்தும் பின்னாலிருந்தும் புதிய காற்று வராவிட்டால், ஏற்கெனவே சூடான காற்றையே விசிறி திரும்பத் திரும்பச் சுழற்றும். பலகையின் ஓரப்பட்டியை ஒட்டிய பசை இளகும், அலுமாரிக் கதவில் போர்த்திய பிவிசி தாள் சுருண்டு பிரியும்.

மரம் நெருப்புப் பட்டால்தான் எரியும் என்று நினைப்பது தவறு. மரத்தில் உள்ள ஈரம் 100 பாகையில் வெளியேறிவிடும். 200 பாகையைத் தாண்டும்போது மரமே சிதைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடும். ஆனால் அவ்வளவு சூடு படாவிட்டாலும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வாட்டப்படும் மரம் மெல்லக் கருகி, புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே கனலத் தொடங்கலாம். தோட்டத்து லயன் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் விறகைக் காயவைத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல: அங்கே காய்ந்த விறகு எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பது தெரியும். அந்தக் குசினியிலோ சூடு தகரக் கூரையின் இடுக்குகள் வழியாகப் போய்விடும். மூடிய அலுமாரியில் அது போக இடமில்லை.

மலையகத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே வேகத்தில் சுழலும் விசிறி அங்கே அவ்வளவுக்குக் குறைந்த வெப்பத்தையே சுமந்து செல்லும். ஊரின் குளிர் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது என்பதால் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது காற்றிலும் மழையிலும் போகும் கரண்டுக்குத்தான். கேக் வெந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய வெப்பமோ தொடர்ந்து ஒவனின் வெளிச்சுவருக்கு வரும். அந்த நேரத்தில் அலுமாரியின் காற்றுவழி ஒன்றே துணை. சமையல் முடிந்த பின்னரும் விசிறி ஓடுவதைக் கண்டு, மின்சாரம் வீணாகிறதே என்று சுவர் சுவிட்சை அணைப்பவர்கள் அதே நிலைமையைத் தாமாகவே உண்டாக்குகிறார்கள்.

வெப்பம் பிறக்கும் இன்னோர் இடம் பிளக். 3,000 வொட் ஒவன் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். முள் சொக்கற்றில் தளர்ந்து, அத்தொடுகையின் தடை 0.1 ஓம் ஆக உயர்ந்தாலே போதும், அந்த ஒரு புள்ளியில் ஏறத்தாழ 17 வொட் வெப்பம் உண்டாகும். அது ஒரு சிறிய சோல்டரிங் அயனுக்கு ஈடானது. சாதாரண பிவிசி வயரின் உறை 70 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்காது. வட்ட முள்ளுக்கும் சதுர முள்ளுக்கும் இடையில் அடப்டர் செருகி, அதையும் ஒவனின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. பக்கத்து அலுமாரிக்குள், கை எட்டும் இடத்தில் தனி இணைப்பு இருக்க வேண்டும்.

சித்தி வீட்டில் முதுகுப் பலகையைக் கழற்றி, ஒவன் நிற்கும் தட்டின் பின்விளிம்பில் 5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வெட்டிவிட்டோம். அலுமாரியின் அடிப்பலகையிலும் ஒரு வலைத்துளை வைத்தோம். எவ்வளவு இடைவெளி தேவை என்பது ஒவனுடன் வந்த கையேட்டின் படத்திலேயே இருந்தது. அந்தக் கையேடு உறை பிரிக்கப்படாமல் கத்தி, கரண்டிகளின் இழுப்பறையில் கிடந்தது.