சாதகப் பட்சியும் கண்மருந்துப் போத்தலும்

ஊரில் என்னை மாட்டு டொக்டர் என்றுதான் சொல்வார்கள். கன்று போடச் சிரமப்படுகிற பசு, கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டி, உண்ணி பிடித்த நாய், இவற்றோடுதான் என் நாள் போகும். பறவை என்றால் கோழி. ஆனாலும் பங்குனி, சித்திரை வந்தால் யாராவது ஒருவர் சப்பாத்துப் பெட்டிக்குள் ஏதோவொரு குஞ்சைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார், அதுவும் பெரும்பாலும் இரண்டு நாள் வீட்டில் வைத்து எல்லாக் கைவைத்தியமும் செய்து பார்த்த பிறகு. பல பிழைப்பதில்லை. அதற்கு நோய் காரணமாக இருப்பது குறைவு.

போன வருடம் அப்படி வந்தது ஒரு சுடலைக்குயில் குஞ்சு. இணுவில் பக்கத்துக் குடும்பம். அப்பா, பத்து வயதுப் பையன், கூடவே அம்மம்மா. குஞ்சு என்றாலும் இறகெல்லாம் முளைத்து விட்டது, மேலே கபிலம் கலந்த கறுப்பு, கீழே மங்கின வெள்ளை, தலையில் அரும்புக் கொண்டை ஒன்று. பெட்டியைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாயைப் பிளந்தபடி மூச்சு எடுத்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது, மூக்குத் துவாரத்தில் சின்ன நீர்க்குமிழி ஒன்று வந்து உடைந்து திரும்பவும் வந்தது. காதுக்குக் கிட்டப் பிடித்தால் ஈரமான ஒரு கிறுகிறுப்பு.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அம்மம்மாதான் பதில் சொன்னார். "தம்பி, இது சாதகப் பட்சி. கிணத்துத் தண்ணி வாயிலையும் வைக்காது. நேற்றுப் பின்னேரம் மழை பெய்யேக்கை முற்றத்திலை சட்டி வைச்சுப் பிடிச்ச தண்ணிதான் பருக்கினனாங்கள்."

கண்மருந்துப் போத்தலைக் கழுவி, அதில் மழைத்தண்ணீரை நிரப்பி, அலகைப் பிரித்து, இரவெல்லாம் மணிக்கு ஒரு தடவை. ஒரு துளியும் வீணாக்காமல்.

பதினொரு மணிக்கு முன்னம் அது செத்துவிட்டது.

இதில் என் பங்கும் உண்டு, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. முதல் நாள் பின்னேரம் அந்த அப்பா எனக்குப் போன் எடுத்தவர். நான் அப்போது நீர்வேலியில் ஒரு மாட்டுத் தொழுவத்தில், முழங்கை வரை கையை விட்டபடி நிற்கிறேன். "சூடா வையுங்கோ, கொஞ்சம் தண்ணி குடுங்கோ, விடியக் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். 'கொஞ்சம் தண்ணி குடுங்கோ.' எப்படி என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டில் கோழி இருந்தால் அதன் வாயை மெல்லத் திறந்து பாருங்கள். நாக்கு முடிகிற இடத்தில், அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன வெடிப்பு, மூச்சுக்கு ஏற்றபடி திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். வாயின் பின்பக்கத்தில், எங்களுக்கு இருப்பதுபோல் ஆழத்தில் அல்ல, நாக்குக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. பறவை தானாகத் தண்ணீரில் அலகை வைத்துக் குடிக்கும்போது அந்த வாசலை மூடிக்கொண்டு விழுங்கும். நாங்கள் அலகைப் பிரித்துச் சொட்டு விட்டால், பயத்தில் மூச்சு வாங்குகிற நேரத்தில் அந்த வாசல் அகலத் திறந்திருக்கும், தண்ணீர் நேரே உள்ளே போகும். அங்கிருந்து நுரையீரல், அதற்கப்பால் உடம்பெங்கும் பரந்திருக்கும் காற்றுப் பைகள். மழைத்தண்ணீர் என்றாலும், கிணற்றுத் தண்ணீர் என்றாலும், குளுக்கோஸ் கலந்த தண்ணீர் என்றாலும் ஒன்றுதான்.

சரி, சாதகப் பட்சிக்கு வருவோம். மழைத்துளியைத் தவிர வேறு நீரைத் தொடாத பறவை, ஆறும் குளமும் நிரம்பி வழிந்தாலும் அண்ணாந்தபடி மேகத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பது கதை. வடமொழிக் காவியங்களில் காத்திருக்கிற காதலுக்கும் பக்திக்கும் இதை உவமை சொல்வார்கள். எங்கள் சங்கப் பாட்டிலும் மழைத்துளியை உணவாகக் கொண்ட ஒரு பறவை வருகிறது, உரைகாரர் அதை வானம்பாடி என்றார்கள். அந்த அம்மம்மாவுக்கு இன்னொரு பாடமும் தெரிந்திருந்தது: அதன் தொண்டையில் ஓட்டை இருக்கிறதாம், குனிந்து குடித்தால் ஒழுகிவிடுமாம், அதனால்தான் அண்ணாந்து குடிக்கிறதாம். நானும் சின்ன வயதில் இதைக் கேட்டு நம்பியவன்தான்.

இப்படி ஒரு பறவை உண்மையிலேயே யாழ்ப்பாணத்தில் இருந்தால் அதன் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இடியோடு ஒன்றிரண்டு. பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் புழுதிதான், வானத்திலிருந்து துளி விழுவதே அபூர்வம். கொத்தமல்லிப் பைக்கற் ஒன்றின் பாரம்கூட இல்லாத, நூறு கிராமை எட்டாத ஒரு உடம்பு, எங்களை விடச் சூடான இரத்தம், அந்த வெக்கையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலே நீர் போய்க்கொண்டிருக்கும். ஆனி, ஆடியைத் தாண்டவே தாண்டாது.

கதை முளைத்த இடம் வேறு. வட இந்தியாவில் இந்தச் சுடலைக்குயில் ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி, தென்மேல் பருவமழை தொடங்குகிற காலத்தையொட்டி வந்து சேரும். வெயிலில் காய்ந்துபோய் இருக்கிற குடியானவனுக்கு முதலில் இதன் குரல் கேட்கும், கொஞ்ச நாளில் மழை வரும். பறவை கூப்பிட்டு மழை வந்தது என்று அவன் நினைத்ததில் பிழை இல்லை. ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதே இனத்தின் இன்னொரு பிரிவு, வருடம் முழுக்க இங்கேயே சீவிப்பது. மழையோடு அது வருவதும் இல்லை, மழையோடு போவதும் இல்லை. எங்கள் மழைக்காலமே வேறு. கதை மட்டும் வடக்கிலிருந்து வந்து எங்கள் வளவுகளில் குடியேறிவிட்டது.

ஆனாலும் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். இந்தக் குயில் தண்ணீர் குடிப்பதை மற்றக் குருவிகளைப்போல் அடிக்கடி காண முடியாது. அதன் முக்கியமான சாப்பாடு புழு, பூச்சி, அதிலும் மயிர்க்கொட்டி. ஆம், எங்கள் முருங்கையில் அப்பிக்கிடக்குமே, உடம்பில் பட்டால் தடித்துச் சொறியுமே, அதே சாதிதான். மற்றக் குருவிகள் பக்கத்திலும் போகாத மயிர்க்கொட்டியைக் குயில் இனங்கள் சாப்பிடும். சுடலைக்குயில் அதை அலகில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நசுக்கிக் குடலைப் பிதுக்கி எறிந்துவிட்டுத்தான் விழுங்கும், பற்பசையைப் பிதுக்குவதுபோல. ஒரு புழுவின் உடம்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். சாப்பாட்டோடு தண்ணீரும் உள்ளே போய்விடுகிறது. அதற்கு மேல், பறவைகள் எங்களைப்போல் சிறுநீர் கழித்து நீரை வீணாக்குவதில்லை, கழிவை யூரிக் அமிலமாக வெள்ளைப் பசைபோல் வெளியே தள்ளிவிடும். கார் கண்ணாடியில் காகம் போட்ட வெள்ளை அதுதான். ஆகவே பூச்சி தின்கிற குஞ்சுக்குத் தனியாகத் தண்ணீர் பருக்கத் தேவையே இல்லை. அதன் தாயும் பருக்குவதில்லை.

தாய் என்றேன், அதிலும் ஒரு சிக்கல். காகக் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லாருக்கும் தெரியும். சுடலைக்குயில் முட்டையிடுவது எங்கள் வேலிக்கரையில் ஏழெட்டாகக் கூடிச் சருகைக் கிளறிச் சத்தம் போடுகிற புலுனிகளின் கூட்டில். புலுனி முட்டை நீலம், இதன் முட்டையும் நீலம். ஆண் குயில் புலுனிக் கூட்டத்தைப் போக்குக்காட்டி இழுக்க, பெண் கூட்டின் விளிம்பில் நின்று அவசர அவசரமாக முட்டையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும், விழுகிற வேகத்தில் புலுனியின் முட்டை ஒன்றிரண்டு வெடிப்பதும் உண்டு. வேறு சில குயில் குஞ்சுகள் செய்வதுபோல் இது புலுனிக் குஞ்சைக் கூட்டிலிருந்து உந்தித் தள்ளாது. ஆனால் சாப்பாட்டின் பெரும்பகுதியை இது வாங்கிக்கொள்ள, மற்றவை சிலவேளை பட்டினியில் செத்துவிடும். பொரித்து இரண்டு நாளிலேயே இதன் தோல் ஊதா கலந்த கபிலமாகிவிடும், வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு, ஓரம் மஞ்சள். காலைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது, முன்னுக்கு இரண்டு விரல், பின்னுக்கு இரண்டு விரல். புலுனிக்கு முன்னுக்கு மூன்று.

அன்றைக்கு அந்தப் பையன் சொன்ன ஒரு விசயத்தை நான் முதலில் காதில் வாங்கவில்லை. குஞ்சு செத்த பிறகுதான் திரும்பக் கேட்டேன். "வேலியிலை இருந்தது டொக்டர், புலுனியள் எல்லாம் சுத்தி நிண்டு கத்திக் கத்திக் கொத்தப் பாத்ததுகள். அதுதான் ஓடிப்போய்த் தூக்கினனான்."

அவை கொத்த வரவில்லை. தீத்த வந்தவை. புலுனிக் கூட்டத்தில் பெற்ற இரண்டு மட்டும் அல்ல, கூட்டத்திலுள்ள மற்றவையும் சேர்ந்து குஞ்சை வளர்க்கும். கூட்டை விட்டு வந்து இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாத அந்தக் குயில் குஞ்சுக்கு, தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, முழுக் குடும்பமும் சாப்பாடு கொண்டுவந்து நின்றிருக்கிறது. பையன் அதற்கு நடுவில் புகுந்து குஞ்சைக் 'காப்பாற்றி' இருக்கிறான். இதை அவனுக்குச் சொல்லவா விடவா என்று யோசித்தேன். சொன்னேன். அழுதான். அடுத்த முறை தெரியவேண்டுமே.

ஆகவே குஞ்சைக் கண்டால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்தித் திரிகிறதா, அது பறக்கப் பழகுகிறது, அதை அப்படியே விடவேண்டும். நாய், பூனை நடமாட்டம் இருந்தால் தூக்கி வேலிக் கிளுவையிலோ பூவரசங்கிளையிலோ வைத்துவிட்டு, நாயைக் கட்டி, தூரப்போய் நின்று ஒரு மணித்தியாலமாவது பாருங்கள், பெரியவை வரும். நீங்கள் பக்கத்தில் நின்றால் வராது. இறகே இல்லாமல் சிவப்பாக விழுந்து கிடந்தால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். கூடும் விழுந்துவிட்டதா, ஒரு சின்னக் கூடையிலோ அடியில் துளையிட்ட பிளாஸ்ரிக் பேணியிலோ காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். மனிசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. எத்தனை குஞ்சுகள் இந்த ஒரு வார்த்தையால் தெருவில் கிடந்து செத்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சாதகப் பட்சியை விட இதன்மேல்தான் கோபம் வரும்.

உண்மையில் காயம் பட்டிருந்தால், அல்லது பெற்றதுகள் நெடுநேரம் வரவே இல்லை என்றால், துளையிட்ட பெட்டி, உள்ளே மென்மையான துணி, இருட்டு, சத்தமில்லாத இடம், இளஞ்சூடு. வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தால் போதும், மறுபக்கம் குளிராக இருக்கட்டும், தேவைக்கு அது நகர்ந்துகொள்ளும். குளிர்ந்துபோன குஞ்சுக்குச் சாப்பாடு கொடுக்கவே கூடாது, சமிக்காது. பால் வேண்டாம், பறவைக்குப் பாலைச் செரிக்க வழியில்லை. பாணும் சோறும் வேண்டாம், வயிறு நிரம்பும், அவ்வளவுதான். வைத்தியரிடம் வர நேரமாகும் என்றால், பூச்சி தின்னிகளுக்கு வெட்டுக்கிளித் துண்டு, கறையான், ஊறவைத்துப் பிழிந்த நாய் பிஸ்கட், அவித்த முட்டை, அதுவும் அது தானாக வாயைத் திறந்தால் சின்னச் சின்னத் துண்டாக.

பூனை கவ்வின பறவை என்றால் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். பூனையின் எச்சிலில் இருக்கும் பக்ரீரியா இரத்தத்தில் கலந்துவிட்டால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அன்றைக்கே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போகவேண்டும். வடிவாக இருக்கிறது என்று கூட்டில் போட்டு வளர்க்கவும் நினைக்கவேண்டாம், 1937ஆம் ஆண்டின் வன சீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை அதன் பாதுகாப்பில் உள்ளவை. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பெயரில் சுடலை இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது என்று இரவோடு இரவாகப் படலைக்கு வெளியே வைத்துவிட்டவரையும் எனக்குத் தெரியும். அவருடைய பூனைக்கு அன்றைக்கு நல்ல விருந்து.

இந்தக் கார்த்திகையில் அந்த இணுவில் பையன் போன் எடுத்தான். முருங்கை நிறைய மயிர்க்கொட்டி, அப்பா மருந்து அடிக்கப் போகிறார், அடிக்கலாமோ என்று. நாளைக்கு நீங்கள் சுண்டப் போகிற இலையில் மருந்து ஏன், அதைத் தின்ற புழுவைத் தின்னுகிற பறவைக்கும் அது போய்ச் சேருமே, பகலில் அவை மரத்தின் அடியில் கும்பலாகத்தானே கிடக்கும், பந்தம் பிடித்துச் சுடச்சொல்லு என்றேன். பின்னேரம் திரும்ப எடுத்தான். சுட்டுவிட்டார்களாம். ஆனால் அம்மம்மா ஒரு கிளையில் இருந்ததைத் தொடவே விடவில்லையாம்.

"ஏனாம்?"

"பட்சிக்காம், டொக்டர். மழையைக் குடிச்சிட்டு மயிர்க்கொட்டியைத் தின்னுமாம்."