மாங்குரோவ் என்றால் கண்டல்

உலக மாங்குரோவ் நாளான ஜூலை 26 வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் களைகட்டும். தலைப்பு மட்டும் மாறுவதில்லை: ‘சதுப்புநிலக் காடுகளைக் காப்போம்’. மாங்குரோவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தவறான பெயர்.

மாங்குரோவ், போர்த்துக்கீசிய ‘மாங்கே’ ஆங்கிலத்துக்குப் போய், தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ சாயலில் திரிந்த சொல். கடலோரத்தில் ஓதம் ஏறி இறங்கும் உவர்நீரில் வளரும் மரங்களுக்கும் அந்தக் காட்டுக்கும் பொதுப்பெயர். அவ்வளவுதான்.

சரி, ‘சதுப்புநிலக் காடு’ என்பதில் உப்பு எங்கே? ஓதம் எங்கே? சதுப்பு என்றால் நீர் ஊறிக் கிடக்கும் நிலம். அது நன்னீராகவும் இருக்கலாம். கேரளத்தில் குளத்தூப்புழைப் பக்கம் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நன்னீர்ச் சேற்றில் நிற்கின்றன. காற்றுக்காக அவையும் வேரை வளைத்து மேலே நீட்டுகின்றன. அசல் சதுப்புநிலக் காடு அதுதான். பெயரைக் கடலோரத்துக்குக் கொடுத்துவிட்டால் அதை வகுப்பில் என்னவென்று சொல்வது? ‘சதுப்பு’ என்றே படித்த பிள்ளை, மூச்சுவேர் எதற்கு என்றால் சேற்றைக் காட்டிச் சரியாகச் சொல்லிவிடும். இலை ஏன் உப்பைக் கக்குகிறது என்றால் விழிக்கும். முத்துப்பேட்டை மாங்குரோவ் காட்டில் ஒரு வெண்கண்டல் மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வெயிலில் உப்புத் துகள் மின்னுவது கண்ணுக்கே தெரியும். பாடத்தின் உயிரே அந்த உப்புதான். பெயர் அதைத் தொலைத்துவிட்டது.

மாங்குரோவை ‘அலையாத்தி’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அலையை ஆற்றுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 2004 ஆழிப்பேரலையைப் பார்த்தவர்களுக்கு அது நெஞ்சில் நிற்கும். ஆனால் காடு நமக்குச் செய்யும் உதவி ஒன்றையே பெயராக வைத்தால், அலையைத் தடுக்கத்தான் அது இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அங்கே வளரும் இறால் குஞ்சும் நண்டும் விடைத்தாளுக்கு வெளியே போய்விடும்.

கண்டல் பழைய சொல். நற்றிணையிலேயே ‘கண்டல் வேலி’ இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் கண்டல்காடுதான். வெண்கண்டல் என்று முன்னே அடை சேர்த்தால் மரம், கண்டல்காடு என்றால் காடு. பிச்சாவரத்தில் வாய்க்காலோரம் தாங்குவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னையும், சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையும் அதற்குள் அடங்கும். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் கழிமுகத்தில் நண்டு பிடிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். இதே கைகள்தான் ஈரநிலம் எல்லாவற்றையும் சதுப்புநிலம் ஆக்குகின்றன. ஏரி, கழிமுகம், உப்பளம், நெல்வயல் எல்லாம் ஈரநிலம். சதுப்பு அதில் ஒரு வகை. வேடந்தாங்கல் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதையும் சதுப்புநிலம் என்று எழுதுகிறார்கள். அது ஏரி.