சுடுகாடு: சுடாத இடத்துக்கும் அதே பெயரா?

வடசென்னையின் மூலகொத்தளம் போக வேண்டும் என்றால், “சுடுகாட்டுக்கா?” என்று திருப்பிக் கேட்பார் ஆட்டோக்காரர். உள்ளே போனால் புதைத்த மேடுகள் ஏராளம்.

சுடுகாடு, இடுகாடு இரண்டும் வினைத்தொகை. சுடுகிற இடம் ஒன்று. குழியில் இடுகிற இடம் மற்றொன்று. காடு என்பது இங்கே மரம் அடர்ந்த வனம் அன்று, இறந்தோருக்கென ஊருக்குப் புறத்தே விட்ட நிலம். ‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்று கிழவிகள் சொல்வது இந்தக் காட்டைத்தான்.

மயானம் வடமொழிச் சுமசானத்தின் தேய்ந்த உரு. மாசியில் மயானக் கொள்ளை நடத்தும் வடசென்னையில் அதை அயற்சொல் என்று ஒதுக்குவது வீண் வேலை. முஸ்லிம்களின் மையவாடி இன்னும் சுவையானது: பிணத்தைக் குறிக்கும் அரபு மய்யித்தோடு, மரவாடியில் வரும் அதே ‘வாடி’ சேர்ந்திருக்கிறது. கல்லறை, கல்லும் அறையும் சேர்ந்த தமிழ். கிறித்தவர் வழக்கில் ஊன்றியது.

பெயரில் என்ன என்று கேட்கலாம். சுட்ட இடத்தில் மிஞ்சுவது சாம்பல். இட்ட இடத்தில் எலும்பும் கல்லும் எழுத்தும் மிஞ்சும். எல்லாவற்றையும் சுடுகாடு என்றே சொல்லிப் பழகினால், காக்க அங்கே ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிடும். இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்று 1939-இல் இறந்த நடராசனும் தாளமுத்துவும் மூலகொத்தளத்தில்தான் இருக்கிறார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட முனைந்தபோது எதிர்ப்புக் கிளம்பியதற்கு அவர்களின் நினைவிடம் ஒரு காரணம்.

தலைவர்களின் நினைவிடத்துக்காகப் பேச ஆள் உண்டு. எனக்குக் கவலை மற்றவற்றைப் பற்றி. சிமெண்ட் மேடை, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு பிறை, அதன்கீழ் ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய ‘தோற்றம்’, ‘மறைவு’. கல்வெட்டுக்குக் காசில்லாத வீட்டின் கல்வெட்டு அது. இரண்டு மழைக்காலத்தில் பாதி எழுத்து போய்விடும். பாரம்பரியச் சின்னம் என்றதும் நாம் வெள்ளைக்காரர் காலத்துப் பளிங்கைத்தான் படமெடுக்கிறோம்.

மணிமேகலை இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று ஐந்து வழக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அங்கே எழுப்பிய கோட்டங்களையும் ‘குறியவும் நெடியவும்’ என்கிறது, குட்டையானதற்கே முதலிடம்!

சுடுவதும் இடுவதும் கலந்த நிலத்துக்குப் பொதுச்சொல் வேண்டுமென்றால், புறநானூற்றிலேயே ‘முதுகாடு’ இருக்கிறது. எரித்தாரா புதைத்தாரா என்று அது கேட்பதில்லை. இடம் பழையது என்பதை மட்டும் சொல்கிறது. ஆட்டோக்காரரிடம் மட்டும் இப்போதைக்குச் சுடுகாடு என்றே சொல்லுங்கள், இல்லையென்றால் வேறெங்காவது இறக்கிவிடுவார்.