காவடிக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

மொரீஷியஸில் கோர் தெ கார்த் மலைச்சரிவு முருகன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் காத்ர் போர்ன் ஊரில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. தைப்பூசக் காவடி வரைக்கும் 10 நாள் விரதம். போன வருஷம் பெரியப்பா அந்த 10 நாளும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நிறுத்தப் பார்த்தார். இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. “அலகு குத்தும்போது ரத்தம் நிற்காமல் போனால்? அடைப்பைத்தான் எடுத்தாச்சே!” என்பது அவர் கணக்கு.

எடுக்கவே இல்லை. ஸ்டென்ட் கொழுப்பை வெளியே கொண்டுவருவதில்லை. பலூனை ஊதி அதைச் சுவரோடு சுவராக நசுக்கி, மறுபடி சரியாமல் கம்பிவலையால் முட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். 1977இல் சூரிச்சில் கிரூன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாக இதயத் தமனியை விரித்தபோது பலூன் மட்டும்தான். விரித்த குழாய் பலருக்குத் திரும்பச் சுருங்கியதால் 1986இல் வலை வந்தது.

முட்டுக் கொடுத்ததும் வேறு சிக்கல். வெறுங்கம்பியைக் கண்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் காயம் என்று நினைத்து ஓடிவந்து ஒட்டும், ரத்தம் உறையும். சுமார் 3 மில்லிமீட்டர் குழாயில் அப்படி ஒரு கட்டி நின்றால் திடீர் மாரடைப்பு. இதற்கு மாறாக, தமனிச் சுவரின் செல்கள் கம்பியை மூட வளர்கின்றன. மெல்லிய தோலாக மூடினால் நல்லது. தழும்பாகத் தடித்தால் குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும். சில மாதம் கழித்துப் படியேறும்போது நெஞ்சு இறுக்கும். மருந்து பூசாத பழைய ஸ்டென்ட்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படி ஆனது. சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம், அது இந்தத் தீவில் யார் வீட்டில் இல்லை?

சரி, வளர்ச்சியைத் தடுப்போம் என்று கம்பியில் மருந்து பூசினார்கள். முதலில் பேர் வாங்கிய சிரோலிமஸ், ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா தந்தது. (தீவுக்காரனாக எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.) தழும்பு குறைந்தது. ஆனால் தேவையான மெல்லிய தோல் வருவதும் தாமதமானது. அது மூடும் வரை காவல் நிற்பவைதான் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் இரண்டும் சேர்ந்து, அப்புறம் பெரும்பாலும் ஒன்று மட்டும்.

இந்த மாத்திரைகள் ஒரு தட்டணுவை முடக்கினால் அது சாகும் வரை முடக்கம்தான். ஆனால் தட்டணுவின் ஆயுளே 7 முதல் 10 நாள். தினமும் பத்தில் ஒரு பங்காவது புதிதாகப் பிறக்கிறது. அன்றைய மாத்திரை இல்லையென்றால் புதுசுகளைத் தடுக்க ஆளில்லை. கொடியேற்றத்தன்று நிறுத்தினால் ஐந்தாறு நாளில் பாதிக்கு மேல் புதுசு. காவடி எடுக்கும் காலையில் கிட்டத்தட்ட முழுப் படையும் தயார். அலகு குத்திய இடத்துக்கு அது நல்லதுதான். இன்னும் தோல் மூடாத கம்பிக்கு?

மருத்துவர் அலகுதான் வேண்டாம் என்றார், மாத்திரையை விடச் சொல்லவில்லை. பெரியப்பா பால் செம்பு மட்டும் கட்டிய காவடியோடு நடந்தார். வழியில் காலில் கல் கிழித்த இடத்தில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார்.