மாங்குளம் மலையும் எச்-இண்டெக்ஸும்

மதுரைக்கு வடகிழக்கே, அரிட்டாபட்டியை ஒட்டி இருக்கிறது மாங்குளம் மலை. அங்குள்ள குகைத்தளங்களில் எழுத்து வெட்டியிருப்பதை 1882-இல் ராபர்ட் சீவெல் கவனித்தார். எழுத்து பிராமி என்று தெரிந்த பிறகும், மொழி எதுவென்று வெகுகாலம் பிடிபடவில்லை. 1924-இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய அய்யர் ஒரு கட்டுரை வாசித்தார். பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்பது அதன் சாரம். அந்த வாசிப்பைத் திருத்தியும் விரித்தும் ஐராவதம் மகாதேவன் எழுதிய பெருநூல் 2003-இல் வந்தது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வருவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள் என்றால், அதன் பின்னால் இந்த வரிசை இருக்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் கீறியுள்ள பெயர்களைப் படிக்கிறவர்களும் அதே தடத்தில்தான் நடக்கிறார்கள்.

சுப்பிரமணிய அய்யர் தொல்லியல் துறைக்காரர், மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. இருவரையும் இன்றைய பல்கலைக்கழக மதிப்பீட்டுப் படிவத்தில் உட்காரவைத்து, “உங்கள் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?” என்று கேட்டால் என்ன ஆகும்? ஓர் ஆய்வாளரின் படைப்புகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. 1924 கட்டுரை மாநாட்டுத் தொகுப்பில் அச்சானது, 2003-இல் வந்தது புத்தகம். படிவம் கேட்பதோ இதழ்க் கட்டுரை. அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், இந்த இடைவெளி ஏன் என்பதும் தெரிந்துவிடும்.

மேற்கோளைத் தொகுக்கும் யோசனை விஞ்ஞானிகளுடையது அல்ல, வக்கீல்களுடையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1873-இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு தொழில் தொடங்கினார். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெல்லாம் எடுத்துக்காட்டியிருக்கின்றன என்று பட்டியல் போட்டு விற்பதுதான் தொழில். ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர்நீதிமன்றக் கிளையில் வாதாடும் யாருக்கும் இதன் அருமை புரியும். மேல்கோர்ட் தள்ளிவிட்ட தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிபதி முன் போனால் மானம் போய்விடும்.

இதைப் பார்த்துத்தான் அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டுக்குப் பொறி தட்டியது. 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் தம் திட்டத்தை எழுதினார். 1964-இல் அறிவியல் கட்டுரைகளுக்கான மேற்கோள் பட்டியலாக சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. கலை, மானுடவியல் (மொழி, இலக்கியம், வரலாறு போன்ற) துறைகளுக்கான பட்டியல் வர 1978 ஆயிற்று. ஆனால் கைமாறும்போது ஒரு முக்கியமான சங்கதி விடுபட்டுவிட்டது. தீர்ப்பு பின்பற்றப்பட்டதா, தள்ளுபடி ஆனதா என்று ஷெப்பர்ட் பட்டியலில் குறி இருக்கும். ஆய்வு மேற்கோள் கணக்கில் அது இல்லை. ஒருவருடைய காலக்கணிப்பைப் பத்துப் பேர் ஏற்று எழுதினாலும் பத்து, பத்துப் பேர் சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டாலும் பத்து.

சரி, எண்ணுவது எப்படி? கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியையும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என்று பிரிக்கும். பிறகு, தன்னிடம் உள்ள பதிவுகளில் இது எதோடு ஒத்துப்போகிறது என்று தேடும். டிஓஐ எண் (கட்டுரைக்குத் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்) இருந்தால் தேடல் சுலபம். இல்லாவிட்டால் பெயரையும் ஆண்டையும் தலைப்பையும் வைத்து உத்தேசமாகப் பொருத்த வேண்டியதுதான். பொருந்தினால் அந்தப் படைப்புக்கு ஒன்று கூடும். இதில் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டுமே படிக்கும். கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வு மாதிரி தெரிவதை எல்லாம் அள்ளும். ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வருவது இதனால்தான்.

எச்-இண்டெக்ஸ் இந்த எண்ணிக்கையின் மேல் கட்டிய அடுத்த மாடி. 2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். படைப்புகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு முந்தைய வரிசை எண்தான் எச். ஒரு தமிழ்ப் பேராசிரியரின் ஆறு படைப்புகளுக்கு 310, 45, 12, 3, 2, 1 என்று மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவதுக்கு 12, தாண்டிவிடும். நான்காவதுக்கு 3தான், நின்றுவிடும். எச் = 3. பக்கத்துக் கட்டடத்து வேதியியல்காரர் ஒன்பது கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மேற்கோள் வாங்கியிருக்கிறார். எச் = 9. மொத்த மேற்கோள் இவருக்கு 81, தமிழ்ப் பேராசிரியருக்கு 373. ஆயுளில் ஒரே ஒரு பெரிய நூல் எழுதியவரின் எச் ஒன்றைத் தாண்டவே தாண்டாது, அது எத்தனை தலைமுறையை வளர்த்திருந்தாலும் சரி.

இருபது ஆண்டு உழைப்புக்கு எச் 20 இருந்தால் வெற்றிகரமான விஞ்ஞானி என்று ஹிர்ஷ் எழுதியது இயற்பியலை மனத்தில் வைத்து. அங்கே கூட்டாக எழுதுவது வழக்கம். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். சிலப்பதிகார உரையையோ நாயக்கர் காலத்துச் செப்பேட்டையோ ஆராய்கிறவர் தனியாளாக எழுதுகிறார்.

கால அளவும் வேறு. இதழ்களுக்கான இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளைப் பார்க்கிறது. மாங்குளம் வரிசையில் 1924-க்கும் 2003-க்கும் இடையே 79 ஆண்டுகள். கலைத்துறை இதழ்ப் பட்டியலுக்கு 2023 வரை இந்த எண்ணைத் தராமலே வைத்திருந்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னது உலகெங்கும் உள்ள மானுடவியல் ஆய்வாளர்களுக்குப் பொது. தமிழில் எழுதுகிறவருக்கு இன்னும் சில முடிச்சுகள் உண்டு. ஸ்கோபஸில் ஓர் இதழ் சேர வேண்டுமானால் தலைப்பும் ஆய்வுச் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், நூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அதாவது, கட்டுரை தமிழில் இருக்கலாம், ஆனால் அதன் நூற்பட்டியல் தமிழ் எழுத்தில் இருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ரோமன் எழுத்துக்கு மாற்றினால் அடுத்த சிக்கல், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவியது. அதன் ‘செந்தமிழ்’ இதழுக்கு முதலில் ஆசிரியராக இருந்தவர் ரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார். இருவருமே பெரிய ஆராய்ச்சிக்காரர்கள். நமக்கு அந்த ஒற்றை முன்னெழுத்தே போதும். மென்பொருளோ குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று எதிர்பார்க்கிறது. ஒருவர் ‘இராகவ’ என்று தொடங்குவார், இன்னொருவர் ‘ராகவ’ என்பார். ‘அய்யங்கார்’ என்பதைச் சிலர் சேர்த்து எழுதுவார்கள், சிலர் பிரித்துக் குடும்பப் பெயர் ஆக்கிவிடுவார்கள். முடிவில் ஒரே ஆள் நான்கு ஆளாகச் சிதறுவார், அல்லது இருவரும் ஒருவராகிவிடுவார்கள். பதிப்பு மாறினாலும் இதே கதைதான். ஒரே நூலின் மூன்று பதிப்புகள் மூன்று நூலாக நின்றால், மேற்கோளும் மூன்றாகப் பிரிந்து ஒவ்வொன்றும் மெலிந்துபோகும்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. யூனிகோடு பரவும் முன் தட்டச்சான தமிழ்ப் பிடிஎஃப்களைத் திறந்தால் பார்வைக்குக் குறை ஒன்றும் இருக்காது. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். மனிதக் கண்ணுக்குத் தெரிவது எழுத்துருவின் வேஷம், மென்பொருள் படிப்பது உள்ளே கிடக்கும் அந்தக் குப்பையை. அப்படி ஒரு கோப்பில் இருபது பக்க நூற்பட்டியல் இருந்தாலும் யாருக்கும் ஒரு மேற்கோள்கூடச் சேராது. வெறும் ஸ்கேன் படமாக ஏற்றியவற்றின் நிலையும் அதுதான். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும், நூற்பட்டியல் ஒரு மூலையில் தனியாகக் கிடக்கும்.

அப்புறம், நாம் எழுதி வெளியிடும் இடங்கள். மணிவிழா மலர், கருத்தரங்கக் கட்டுரைக் கோவை, அறக்கட்டளைச் சொற்பொழிவு நூல், உரைப்பதிப்பு முன்னுரை. ஒரு பதிப்பாசிரியர் பத்து ஆண்டு சுவடி பார்த்துப் பாடம் திருத்திக் கொடுப்பார். பயன்படுத்துகிறவர் ‘புறநானூறு 192’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். யார் பதிப்பு என்ற பேச்சே இருக்காது. ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியரே முன்னோரைப் பெயர் சொல்லாமல் காட்டியவர்தான், பழக்கம் அவ்வளவு பழையது! ஆனால் மேற்கோள் பட்டியலில் பெயரில்லாதவருக்குக் கணக்கில்லை.

இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஆளை எடைபோடாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீட்டு நிபுணர்கள் 2015-இல் வெளியிட்ட லெய்டன் அறிக்கை கூறியது. உள்ளூர் சார்ந்த, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் நடக்கும் ஆய்வைக் காக்க வேண்டும் என்பது அதன் பத்து விதிகளில் ஒன்று. ஆனாலும் நம் ஊரில் கல்வி நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு வெளியீட்டு எண்ணிக்கை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை உள்ள கல்லூரி இதில் அடிவாங்கத்தான் செய்யும். அங்கே உட்கார்ந்து நல்ல ஆய்வு நடக்கிறதா என்பது வேறு விஷயம்.

விதி மாறும்வரை செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது, பெரும்பாலும் குமாஸ்தா வேலை. ஆய்வாளர் ஒருவர் ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) வாங்கி, எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் தம் படைப்புகளை அதன் கீழ் கட்டிவைக்கலாம். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் பதிப்புகளை அவரே ஒன்றாக இணைக்கலாம். எச் சில சமயம் அன்றைக்கே ஏறும். இதழ் நடத்துகிறவர்கள் யூனிகோடில் அச்சிட்டு, ஒவ்வொரு கட்டுரையையும் தனிக் கோப்பாக ஏற்றி, டிஓஐ வாங்கி, தமிழ் நூற்பட்டியலுக்குக் கீழே அதையே ரோமன் எழுத்தில் ஒருமுறை கொடுக்கலாம். பட்டியலுக்கு மேல் ‘துணைநூற்பட்டியல்’ என்பதோடு ‘ரெஃபரன்சஸ்’ என்ற தலைப்பை ஆங்கிலத்திலும் போடுவது நல்லது. கூகுள் ஸ்காலர் தேடுவது அந்த மாதிரி வழக்கமான தலைப்பைத்தான். பழைய இதழ்களுக்கு இதைச் செய்ய ஆளும் பணமும் வேண்டும். அதைக் கல்லூரி நூலகர் தலையில் மட்டும் கட்டினால் நடக்காது.