பன்னீர் வாலைக்கு ஒரு வெற்றிட இணைப்பு

"சின்ன வாலை (காய்ச்சி வடிக்கும் பாத்திரம்) ஒன்று வைத்து வீட்டிலேயே பன்னீர் இறக்குகிறேன். ரோஜா மணத்தோடு வெந்த கீரை வாடையும் சேர்ந்து வருகிறது. வெற்றிடத்தில் வடித்தால் இது போகுமா?" என்று கோயம்புத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெருமளவு போகும். அந்த வாடை 100 டிகிரியில் இதழ் வேகுவதால் வருவது. நீரின் ஆவியழுத்தம் மேலே அழுத்தும் காற்றின் அழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம், ஊட்டியில் குறைவு. அதனால்தான் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வாலைக்குள் அழுத்தத்தை 92 மி.மீ. வரை இறக்கினால் 50 டிகிரி போதும். இதுவரை பள்ளிப் பாடம்.

உள்ளே உண்டாகும் ஆவி முழுவதையும் பம்ப்தான் இழுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் வீட்டுப் பம்ப் எதுவும் தாங்காது. 100 டிகிரியில் ஒரு கிராம் நீர் சுமார் 1.7 லிட்டர் ஆவியாகிறது. 50 டிகிரியில், அந்தக் குறைந்த அழுத்தத்தில், அதே ஒரு கிராம் 12 லிட்டராக விரிகிறது. அந்த 12 லிட்டரும், ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கண்டென்சரின் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் ஒரு மில்லி லிட்டர் துளியாகச் சுருங்கிவிடுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்ப அடுத்த 12 லிட்டர் ஓடி வருகிறது. உண்மையான பம்ப் கண்டென்சர்தான்!

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் இதைச் செய்து காட்டினார். உருண்டைக் குடுவையில் நீரைக் கொதிக்கவிட்டு, தீயிலிருந்து எடுத்து, கொதி அடங்கியதும் தக்கையால் இறுக மூடிக் கவிழ்த்தார். அடிப்பாகத்தில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரை ஊற்றியதும் உள்ளே நீர் குபுகுபுவென்று மறுபடி கொதித்தது. நெருப்பே இல்லை. மேலே இருந்த ஆவி குளிர்ந்து சுருங்கியது, அழுத்தம் விழுந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் குமிழிகள் என் கண்ணில் இருக்கின்றன. பெரிய திரைகளுக்குப் பணம் ஒதுக்கும் பள்ளிகள் ஆய்வகத்துக்கு நாலு உருண்டைக் குடுவை வாங்க யோசிப்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

1813-இல் எட்வர்ட் ஹோவர்ட் இங்கிலாந்தில் சர்க்கரைப் பாகு கருகாமலிருக்க வெற்றிடக் கொப்பரைக்குக் காப்புரிமை பெற்றார். நம்மூர் சர்க்கரை ஆலைகளில் பாகு இன்றும் அதே தத்துவத்தில்தான் காய்கிறது.

அப்படியானால் பம்புக்கு என்ன வேலை? தொடக்கத்தில் காற்றை வெளியேற்றுவது, பிறகு மூட்டுகளில் கசிந்து வரும் காற்றை அகற்றுவது. காற்று துளியாகச் சுருங்காது. கண்டென்சர் சுவரில் போர்வை போலப் படிந்து ஆவியைத் தொடவிடாது. இந்தச் சின்ன வேலைக்குத் தண்ணீரால் ஓடும் ஆஸ்பிரேட்டரே போதும். குறுகிய கழுத்தில் தண்ணீர் வேகமெடுத்து, பக்கக் குழாயிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு வெண்ணுரையாக வெளியேறும்.

இணைப்பைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும்படி அமைத்தால் கசிவைத் தேடுவது எளிது. கண்டென்சருக்குக் கீழே பக்கக் குழாய் வைத்த கண்ணாடி அடாப்டர், அதிலிருந்து தடித்த சுவருள்ள ரப்பர் குழாய், அடுத்து டி-ஜாயின்டில் ஒரு பக்கம் வெற்றிடத்தின் அளவைக் காட்டும் கேஜ், மறுபக்கம் காற்றை விடும் ஊசி வால்வு, பிறகு தண்ணீர் பின்னோக்கி ஏறி வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு ட்ராப் பாட்டில், கடைசியில் ஆஸ்பிரேட்டர். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து கேஜைப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் முள் விழுகிறதோ, கசிவு அங்கேதான்.

ஆனால் உங்கள் மெல்லிய எவர்சில்வர் வாலையில் இதை மாட்டவே மாட்டாதீர்கள். 20 செ.மீ. மூடியின் மேல் வெளிக்காற்று ஏறக்குறைய 285 கிலோ எடையாக அழுத்தும். குக்கரும் உதவாது, அது உள்ளிருந்து தள்ளுவதைத் தாங்கச் செய்தது. வெற்றிடத்துக்கென்றே செய்த, கீறலில்லாத உருண்டை அடிக் கண்ணாடிக் குடுவை வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். இதெல்லாம் பன்னீருக்கும் ஓமத் தீநீருக்கும்தான். சாராயம் வடிப்பது நம் மாநிலத்தில் குற்றம்.

இன்னொரு சிக்கல் நம்மூர் வெயில். ஆஸ்பிரேட்டரால் தன்னுள் ஓடும் தண்ணீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்க முடியாது. 10 டிகிரித் தண்ணீரில் அந்த எல்லை 9 மி.மீ.; மே மாத மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 40 டிகிரி என்றால் 55 மி.மீ. கண்டென்சருக்கும் அதே தண்ணீர் என்றால் 50 டிகிரி ஆவிக்கும் சுவருக்கும் பத்து டிகிரிதான் வித்தியாசம். ஆவியில் ஒரு பகுதி குளிராமலே பம்புக்குப் போய்விடும், மணமும் கூடவே போகும். அதனால் ஒரு பெரிய வாளியில் ஐஸ் போட்டு, சின்ன மோட்டாரால் அந்தத் தண்ணீரையே சுற்றவிடுங்கள். தண்ணீரும் வீணாகாது.

நிறுத்தும் வரிசை முக்கியம். முதலில் அடுப்பு. குடுவை ஆறியதும் ஊசி வால்வை மெல்லத் திறங்கள். உள்ளே நுழையும் காற்றின் சீறல் ஓயட்டும். மோட்டாரைக் கடைசியில்தான் அணைக்க வேண்டும். நான் ஒருநாள் அவசரத்தில் மோட்டாரை முதலில் அணைத்தேன். வாளித் தண்ணீர் குழாய் வழியே சரசரவென்று ஏறி வந்து ட்ராப் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பியது. அந்தப் பாட்டில் மட்டும் இல்லாதிருந்தால் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த பன்னீரில் வாளித் தண்ணீர் கலந்திருக்கும்.